படுத்துக் காட்டியவன்

சென்னகிருஷ்ணனுக்கு வண்டி ஓட்டுவதுதான் வேலை. ஊர்ப்பக்கம் இதைச் சொன்னால் டிரைவர் என்று நினைத்துக்கொண்டு, லாரியா காரா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை. ஓசூர் சிப்காட்டில் ஒரு பைக் கம்பெனி. லைனில் கடைசி நட்டை முறுக்கி இறக்கிவிட்ட புது வண்டியை முதன்முதலாக ஓட்டிப் பார்ப்பவன் அவன். ட்ராக்கில் ஒரு சுற்று போய்வருவதற்குள், பிரேக் ஒரு பக்கமாக இழுக்கிறதா, மூன்றாவது கியர் விழும்போது தட்டுகிறதா, ஹேண்டில் நடுங்குகிறதா என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடும். சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவான்.

"ரோட்டுல போற வண்டில பாதி என் குண்டிக்குக் கீழ இருந்து போனதுதான்" என்பான் விருந்தாளிகளிடம். அவன் மனைவி காவேரி தலையில் அடித்துக்கொள்வாள். "இத ஒரு பெருமைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிகினு திரியறாரு பாருங்க."

பெருமைதான். கெலவரப்பள்ளி அணைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர் அவனுக்கு. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், பஸ்ஸில் ஏறினால் கன்னடம். அப்பாவும் அண்ணனும் ராகியும் தக்காளியும் போட்டுப் பிழைத்தார்கள். பத்தாவது தாண்டியவன் அந்த வீட்டில் அவன் ஒருவன்தான். ஐ.டி.ஐ. முடித்து, காண்ட்ராக்ட் ஆளாக உள்ளே நுழைந்து, தகரம் தூக்கி, நட்டு முறுக்கி, கடைசியில் ட்ராக்குக்கு வந்து சேர்ந்தான். காண்ட்ராக்ட் ஆட்களில் சிலரைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளப்போகிறது என்றும், ட்ராக் ஆட்களைத்தான் முதலில் எடுப்பார்கள் என்றும் கேண்டீனில் பேச்சு. அந்த நேரத்தில்தான் இடது முட்டி போயிற்று.

பொங்கல் கழிந்து ஊரில் எருது விடும் விழா. அண்ணனின் எருதும் ஓடுகிறது. கொம்பில் பூவும் காகிதமும் ஒட்டிய தட்டியைக் கட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி, கூட்டத்தின் வாயில் கொண்டுபோய் அவிழ்த்துவிடுவது வீட்டு ஆட்களின் வேலை. சென்னகிருஷ்ணன் கயிற்றைப் பிடித்தான். எருது ஒரு திமிறு திமிறியது. உடம்பு வலப்பக்கம் திரும்ப, இடது பாதம் மட்டும் மண்ணில் ஊன்றியபடி நின்றுவிட்டது. முட்டிக்குள் குச்சி முறிவதுபோல் ஒரு சத்தம். அத்தனை கூச்சலிலும் அந்தச் சத்தம் அவனுக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது.

மாலைக்குள் முட்டி பந்தாக வீங்கியது. வீக்கம் சற்று வடிந்ததும் எழுந்து நடந்தான். ஆனால் படியில் இறங்கும்போது முட்டி தானாக நழுவியது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், முட்டிக்குள் இருக்கும் தசைநார் அறுந்துவிட்டது, ஆபரேஷன் செய்து வேறு நார் வைத்தால்தான் பழையபடி வண்டி ஓட்டலாம் என்றார்.

"நாளைக்கேன்னாலும் பண்ணிடுங்க சார்."

"இந்தக் காலுல பண்ணா கெட்டுப்போயிடும்பா. வீக்கம் முழுசா வத்தணும். கால் நேரா நீட்டணும். தொடையில பலம் வரணும். அதுக்கப்புறம்தான் கத்தி." சித்திரைக் கடைசியில் தேதி கொடுத்து, பிசியோதெரபி அறைக்கு அனுப்பிவைத்தார்.

அங்கே யுவஸ்ரீ இருந்தாள். படிப்பு முடித்து வந்து அதிக காலம் ஆகாத பெண். பக்கத்துக் கட்டிலில் தௌசிப் என்ற கிருஷ்ணகிரிப் பையன், பந்து விளையாடி அதே நாரை அறுத்துக்கொண்டு வந்தவன், காலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் அவன் வீட்டாருக்குச் செருப்புக் கடை.

"எல்லாரும் ஆபரேஷனுக்கு அப்புறந்தான் எக்சர்சைஸ்னு நெனைக்கிறாங்க சார்" என்றாள் யுவஸ்ரீ. "எந்தக் காலோட உள்ள போறீங்களோ, அந்தக் காலோடதான் வெளிய வருவீங்க. மடங்கின காலோட போனா மடங்கின காலுதான். தொடை சூம்பிப்போய் உள்ள போனா, வெளிய வந்து அத ஏத்தறதுக்குள்ள உயிர் போயிடும். இப்ப செய்யறது பின்னாடி உங்களுக்குக் கை கொடுக்கும்."

துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்குக் கீழே வைத்து, முட்டியை அந்தரத்தில் விட்டு, தானாக நீளும்வரை காத்திருக்கச் சொன்னாள். முட்டியைக் கட்டிலோடு அழுத்தித் தொடையை இறுக்கக் கற்றுக்கொடுத்தாள். காலை விறைப்பாக வைத்துத் தூக்குவது, குதிகாலை இழுத்து மடக்குவது, வலி அடங்கியதும் சைக்கிள்.

"ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. முட்டிக்கு அடியில தலகாணி வைக்கக் கூடாது. வெச்சா சொகமாத்தான் இருக்கும். ஆனா மடங்கின வாக்குலயே இறுகிப்போயிடும்."

"கேட்டீங்களாண்ணா?" என்றான் தௌசிப். "எங்கம்மா முதல் நாளே நாலு தலகாணி அடுக்கிச்சு. எடுத்துக் கடாசிட்டேன். புள்ளைக்குப் பைத்தியம் புடிச்சிகிச்சுன்னு தெருவெல்லாம் சொல்லுது."

மூவரும் சிரித்தார்கள். அன்று சென்னகிருஷ்ணன் முழு நம்பிக்கையோடுதான் வீடு திரும்பினான்.

அவர்கள் குடியிருந்தது சிப்காட்டை ஒட்டிய லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், முன்னால் பொது நடை, கோடியில் தண்ணீர்த் தொட்டி. காவேரி விடிந்ததும் ரோஜாப் பண்ணை வேனில் ஏறிவிடுவாள். கதவைத் திறந்துவைத்து, நடையில் பாய் விரித்து, அவன் காலைத் தூக்கத் தொடங்கினான். முதலில் தொடை நடுங்கியது. பிறகு சொன்ன பேச்சைக் கேட்டது. நடக்கும்போது குதிகால் தரையைத் தொட்டது. வீட்டுக்காரர் மகனின் சைக்கிளை வாங்கிக்கொண்டு காலி மனைகளைச் சுற்றி மெதுவாக மிதித்தான். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது யுவஸ்ரீ தொடையைத் தொட்டுப் பார்த்து, "சூப்பர் சார், இப்படியே போனா டாக்டரே ஆச்சரியப்படுவாரு" என்றாள்.

ராஜப்பன் அதே லைன் வீட்டில் இருந்தான். அதே கம்பெனியில் பெயிண்ட் ஷாப். நல்ல மனிதன். எதையும் கேலியாகத்தான் பேசத் தெரியும். ஒருநாள் சாயங்காலம் ஷிப்ட் முடித்து வந்தவன், சைக்கிளில் வரும் சென்னகிருஷ்ணனைப் பார்த்து நடுரோட்டில் நின்று கைகொட்டினான்.

"ஏன் குரு, லீவுல சைக்கிள் ரேஸா? எருதுகூட ஓடினது பத்தலையா?"

"எக்சர்சைஸ்பா. ஆஸ்பத்திரில சொன்னாங்க."

"சொல்லுவாங்க சொல்லுவாங்க. எனக்கும் அந்த ஆஸ்பத்திரி அட்ரஸ் குடு, நானும் ஒரு கால ஒடச்சிக்கிறேன். எம் பொண்டாட்டியும் நானும் ஊட்டி போயிட்டு வர்றோம்."

சென்னகிருஷ்ணனும் சிரித்தான். ஆனால் மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அதுதான் பேச்சு. ராஜப்பன் சிரிக்கத்தான் சொன்னான். கேட்டவன் கொஞ்சம் கூட்டிச் சொன்னான், அவனிடம் கேட்டவன் இன்னும் கொஞ்சம் கூட்டினான். பஸ் கேட்டுக்குள் நுழைவதற்குள் சென்னகிருஷ்ணன் அண்ணன் நிலத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். இரண்டு நாளில் ஷிப்ட் இன்சார்ஜ் போன் செய்தார்.

"என்னப்பா, நல்லாதான் இருக்கியாமே? சைக்கிள்லாம் ஓட்டறியாமே?"

"சார், அது டாக்டர் சொல்லி…"

"அடி பட்டவன் படுத்திருப்பான். சைக்கிள் ஓட்டறவன் வேலைக்கு வருவான். எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். மாடு புடிக்கப் போய் பட்ட அடிக்கே நான் மேல பேசி லீவு வாங்கிக் குடுத்திருக்கேன். என் பேரக் கெடுத்துடாத. உன் எடத்துக்குப் பின்னாடி ஆளு நிக்கறாங்க, தெரியுமில்ல?"

தெரியும். அவனும் ஒரு காலத்தில் அப்படிப் பின்னால் நின்றவன்தான்.

அன்றே சைக்கிளைக் கொண்டுபோய் விட்டுவிட்டான். நடையில் விரித்த பாயை உள்ளே எடுத்துப் போட்டான். உள்ளே செய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் ஓர் அறை வீட்டில் உள்ளே என்று எது இருக்கிறது? கதவை மூடினால் சித்திரை வெயிலுக்குக் கூரை அனலைக் கொட்டியது. திறந்தால் தண்ணீர் பிடிக்கப் போகிறவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். ஷிப்ட் மாறி மாறி வரும் வீடுகள். எந்த நேரத்திலும் யாராவது ஒருவர் விழித்திருப்பார், அவர் கம்பெனி ஆளாகவும் இருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் முதலில் பார்த்தது முட்டியைத்தான்.

"வீக்கம் ஒண்ணும் தெரியலயே?"

அதன்பிறகு முட்டியில் எப்போதும் கட்டுத்துணி இருந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் முகம் தானாகச் சுருங்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் பாத்ரூமுக்குப் போனான். நோயாளியாக இருப்பது ஒன்று, நோயாளியாகத் தெரிவது வேறொன்று. இரண்டாவதற்குத்தான் பாடு அதிகம். அதை அவன் முழு நேர வேலையாகச் செய்தான்.

காவேரி பண்ணையிலிருந்து முள் கீறிய விரல்களோடு வந்து சேரும்போது அவன் கட்டிலில் ஒருக்களித்துக் கிடப்பான்.

"வலிக்குதாங்க?"

"ம்."

பழைய புடவையை மடித்துத் தைத்து ஒரு தலையணை செய்தாள். அவன் காலை மெல்லத் தூக்கி, முட்டிக்கு அடியில் அதை வைத்தாள். முட்டி இலேசாக மடங்கி அதில் உட்கார்ந்ததும் உடம்பு முழுவதும் ஒரு நிம்மதி பரவியது. எடுக்கச் சொல்ல வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"இப்ப எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது" என்றான்.

தௌசிப் அவ்வப்போது போன் செய்வான். "அண்ணா, நான் இப்ப கடைல நின்னுகினே ஒத்தக்கால்ல உக்காந்து எழுந்துக்கிறேன். செருப்பு வாங்க வந்த கெழவி பயந்து ஓடிப்போச்சு. நீங்க நீட்டறீங்களா?"

"நீட்டறேன்பா."

"தொடை?"

"அதெல்லாம் ஏறிகிச்சு."

யுவஸ்ரீ வரச்சொன்ன நாட்களிலும் அவன் போகவில்லை. ஆட்டோ பிடித்துப் போவதை யாராவது பார்த்தால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள் என்று நினைத்தான். தேதி வந்துவிடும், ஆபரேஷன் ஆகிவிடும், கத்தி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதன் பிறகு யார் என்ன சொல்ல முடியும்? தையல் போட்ட தழும்பு இருக்கும். அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

ஆபரேஷனுக்கு முதல் நாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது யுவஸ்ரீ பார்க்க வந்தாள். காலை நீட்டச் சொன்னாள். நீட்டினான். அவள் தன் கையை மூடி, கட்டிலுக்கும் அவன் முட்டிக்கும் நடுவில் நுழைத்தாள். கை தாராளமாக உள்ளே போயிற்று. இரண்டு தொடையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். இடது தொடை யாரோ சின்னப் பையனுடையதுபோல் இருந்தது.

"என்ன சார் பண்ணீங்க? அன்னைக்கு எவ்வளவு நல்லா இருந்துச்சு!"

அவன் கூரையைப் பார்த்தான்.

"தள்ளிப் போட்டுக்கலாம் சார். ரெண்டு மாசம் ஒழுங்கா செஞ்சீங்கன்னா போதும், பழையபடி வந்துடும். நானே டாக்டர்கிட்ட சொல்றேன்."

சொன்னாள். டாக்டரும் வந்து முட்டியை அழுத்திப் பார்த்து, அதையேதான் சொன்னார். சென்னகிருஷ்ணன் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டான்.

"இன்னும் ரெண்டு மாசம்னா என் எடம் போயிடும் சார். ஆபரேஷனே பண்ணாம இவ்ளோ நாளா என்ன பண்ணேன்னு கேப்பாங்க. நான் என்னத்த சொல்லுவேன்? வந்தது வரட்டும், பண்ணிடுங்க."

"கால் முழுசா நீளாமப் போக வாய்ப்பிருக்குது. புரியுதா?"

"அப்புறமா நீட்டிக்கிறேன் சார். சத்தியமா."

டாக்டர், உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நார் நன்றாகவே பொருந்தியது. அதில் குறை ஒன்றும் இல்லை. மற்றதெல்லாம்தான் யுவஸ்ரீ சொன்னபடி நடந்தது. வலி தெரியாமல் இருக்கக் கொடுத்த மருந்தின் மயக்கம் தெளிந்ததும் தொடையை இறுக்கச் சொன்னாள். அவன் பல்லைக் கடித்து முக்கினான். தசையில் ஓர் அசைவும் இல்லை. கால் எங்கேயோ இருந்தது, அதற்கு இவன் பேச்சு எட்டவில்லை. தௌசிப்புக்குச் சில நாள் முன்னால்தான் ஆபரேஷன் ஆகியிருந்தது. தையல் பிரிக்க வந்தவன் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குதிகாலைத் தரையில் பதித்து நடந்துகாட்டினான். பிறகு சென்னகிருஷ்ணனின் காலைப் பார்த்தான். அவன் வாயில் தயாராக இருந்த கேலி அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணா, நீட்டறேன்னு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டான்.

இப்போது சென்னகிருஷ்ணன் செய்தான். யார் பார்த்தாலும் செய்தான். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, குதிகாலைத் துண்டின் மேல் வைத்து, முட்டியின் மேல் மணல் மூட்டையை ஏற்றிக்கொண்டு கிடந்தான். கொஞ்சம் இளகிய முட்டி ஓர் எல்லைக்கு மேல் கதவைச் சாத்திக்கொண்டது. டாக்டர் இன்னொரு முறை மயக்கம் கொடுத்து அழுத்திப் பார்த்தார். அதில் கால் இன்னும் கொஞ்சம் நீண்டது. முழுதும் நீளவில்லை.

அப்படி ஒருநாள் யுவஸ்ரீ முட்டியைப் பிடித்துவிட்டபடியே, "வீட்டுல முட்டிக்கு அடியில எதாவது வெச்சிருந்தீங்களா சார்?" என்று கேட்டாள். கூட வந்திருந்த காவேரி அவனை முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

"ஆமாங்க மேடம். நாந்தான் தலகாணி வெச்சேன். தெனமும். வெக்கக் கூடாதுங்களா?"

யுவஸ்ரீ அவனைப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் குனிந்து மறுபடி முட்டியைப் பிடித்துவிடத் தொடங்கினாள்.

பஸ் நிறுத்தத்தில் காவேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நாந்தானே வெச்சேன். என் கையாலயே உங்க காலக் கெடுத்துட்டேனே." பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பஸ் வந்து போயிற்று.

"காவேரி, அந்தம்மா மொத நாளே சொன்னாங்க" என்றான் அவன். "தலகாணி வெக்காதீங்கன்னு. எனக்குத் தெரியும்."

அவள் அழுகையை நிறுத்தினாள். "தெரிஞ்சுமா?"

"ராஜப்பன், இன்சார்ஜு, எல்லாரும்… நான் எழுந்து நடமாடினா பொய் லீவுன்னு சொல்லுவாங்கன்னு…"

"ராஜப்பனுக்குக் காட்டறதுக்கா உங்களுக்குச் சாமி கால் குடுத்துச்சு?"

அடுத்த பஸ் வந்தபோது அவன் கக்கத்தில் கைகொடுத்து அவள்தான் ஏற்றிவிட்டாள். மறுநாள் பண்ணைக்குப் போகிற நேரம்வரை அவனோடு அவள் பேசவில்லை.

லீவு முடிந்து கம்பெனிக்குப் போனபோது அவனுடைய இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. லீவு வாங்கிக் கொடுத்த இன்சார்ஜ் வேறு ஆளைப் போடாமல் வைத்திருந்தார். "ட்ராக்குல ஒரு தடவ உக்காந்து காட்டிட்டுப் போய் வேலையப் பாரு" என்றார். ட்ராக் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள விதி அது. வண்டிமேல் உட்கார்ந்து, இரண்டு காலையும் ஊன்றி, கியர் போட்டு நகர்த்தி, நிறுத்திக் காட்ட வேண்டும். கேள்விப்பட்டுச் சிலர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பெயிண்ட் ஷாப்பிலிருந்து ராஜப்பனும் வந்து ஓரமாக நின்றான்.

புது வண்டி, கறுப்பு. சென்னகிருஷ்ணன் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தான். சத்தத்தைக் கேட்டதும் முகத்தில் பழைய களை வந்தது. கொஞ்ச தூரம் நேராகப் போனான். நிறுத்தும்போது வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. சாயத்தான் செய்யும். ஆயிரம் முறை சாய்ந்திருக்கிறது, ஆயிரம் முறையும் இடது கால் போய்த் தாங்கியிருக்கிறது. இந்த முறையும் கால் போயிற்று. ஆனால் குதிகால் தரைக்கு வரவில்லை. நுனிவிரல்தான் ஊன்றியது. தொடை துடித்தது, முட்டி மடங்கியது. வண்டியும் அவனும் சேர்ந்து தரையில் விழுந்தார்கள்.

முதலில் ஓடிவந்தது ராஜப்பன்தான். வண்டியைத் தூக்கி அப்பால் நிறுத்திவிட்டு, இவன் அருகில் குனிந்தான். பேண்ட் மேலேறியதில் மெலிந்த காலும் தழும்பும் வெளியே தெரிந்தன. ராஜப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ சென்னா" என்றான். "அப்ப நெஜமாவே இவ்ளோ அடி பட்டிருக்குதா உனக்கு?"

"ஆமாம்பா. நெஜந்தான்."

"நான் வெளையாட்டுக்குத்தான்பா அன்னைக்கு…"

"தெரியும்."

இன்சார்ஜ் மெதுவாக வந்து வண்டியின் சிராய்ப்பைத் தடவிப் பார்த்தார். திட்டவில்லை. "டூல் கிட் பேக்கிங்ல ஒரு எடம் இருக்குது. உக்காந்த வேலை. இன்னைக்கே போயிடு" என்று மட்டும் சொன்னார். குரலில் இரக்கம் இருந்தது. அதற்குத் திட்டே பரவாயில்லை என்று இருந்தது அவனுக்கு.

டூல் கிட் பேக்கிங் ஷெட்டின் மறுகோடியில். லைன் முழுவதையும் கடந்துதான் போக வேண்டும். ராஜப்பன் தோளைக் கொடுத்தான். வேண்டாம் என்று கையை விலக்கிவிட்டுச் சென்னகிருஷ்ணன் எழுந்தான். இரண்டு பக்கமும் வேலை நின்றுபோய் எல்லோரும் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் கண்ணுக்கும் முன்னால், நொண்டுவது தெரியாமல் நடந்துபோக அவன் பாடுபட்டான்.